கன்டெய்னருக்கு ஒரு நாள் லீவு

போன மாதம் அல்சூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் பிரசன்னா உட்கார்ந்திருந்தான். நான் ஓய்வு பெற்ற கம்பெனியில், நான் பார்த்த அதே வேலையை இப்போது பார்ப்பவன். பாயசம் வருவதற்குள் போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அக்கா, இதப் பாருங்க. நம்ம வெண்டைக்காய் கன்டெய்னர் இப்ப செங்கடல்ல போயிட்டிருக்கு. உள்ள மைனஸ் பதினெட்டு புள்ளி ரெண்டு."

பார்த்தேன். நடுக்கடலில் வெண்டைக்காய் சுகமாக இருக்கும் சேதி கல்யாணப் பந்தி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. என் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் சாப்பிட்டானா இல்லையா என்பது எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதில்லை.

"உங்க காலத்துல எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்க மாட்டோம்டா. ஒரு மாசம் கழிச்சு வாங்கினவன் திட்டினா தெரிஞ்சுக்குவோம்."

அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கம்பெனி ஆண்டு மலருக்கு இதையெல்லாம் எழுதித் தரவேண்டும் என்று பிடித்துக்கொண்டான். சரியென்று சொல்லிவிட்டேன். நான் வாங்கிய கேடயங்களைப் பற்றி எழுதுவேன் என்று அவன் நினைத்திருக்கக்கூடும். கேடயமெல்லாம் ஒன்றும் இல்லை. என்னை வீட்டுக்கு அனுப்ப இருந்த கதைதான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்துக்குள் வேர்த்து ஒழுகி வேலை பார்த்தவர். மகளுக்கு மைனஸ் பதினெட்டு டிகிரியில் வேலை என்றதும், "நம்ம குடும்பத்துக்கு நடுவுல ஒரு வெதர் கெடைக்கவே கெடைக்காதா?" என்று கேட்டார். கெமிஸ்ட்ரி படித்தேன், இரண்டு வருடம் தங்கவயல் ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் வந்து போனேன், கல்யாணமாகி மர்பி டவுனில் குடியேறினேன். ஆனேக்கல் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியில், காய்கறியை உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் இடம், தொண்ணூற்றொன்றில் தரக் கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் நான் கற்றதெல்லாம் இவ்வளவுதான்: குளிர் அறைக்குள் பேனா எழுதாது, பென்சில் எழுதும்; கம்பளிச் சட்டையை அவிழ்க்காமல் சாப்பிடப் போனால் கேன்டீனில் எல்லோரும் சிரிப்பார்கள்.

எங்கள் மேனேஜர் குல்கர்னி சார். தார்வாட்காரர், ஒல்லி. குளிர் அறைக்குள் போகக் குரங்குக் குல்லா மாட்டுவார். வெளியே வந்தால் கழற்ற மறந்துவிடுவார். ஏப்ரல் மாத மத்தியானத்தில்கூட அந்தக் குல்லாவோடு மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "நோடித்ரா, கேளித்ரா?" பார்த்தீர்களா, இல்லை யாராவது சொல்லிக் கேட்டீர்களா என்று அர்த்தம். 'பார்த்தேன்' என்றால் எழுதிக்கொள்வார். 'கேட்டேன்' என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நம்மையே பார்ப்பார். நாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அந்தப் பென்சில் மேஜையிலேயே கிடக்கும்.

காலி கன்டெய்னர் வந்தால் அவர் செய்யும் முதல் காரியத்தைப் புதிதாக வந்தவர்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள். உள்ளே போய் நின்றுகொண்டு, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வார். கும்மிருட்டில் ஐந்து நிமிடம் நிற்பார். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கன்டெய்னர் திரும்பிப் போகவேண்டியதுதான். வெளிச்சம் வரும் வழியில் வெப்பமும் வரும் என்பார். அடுத்து மோப்பம். முந்தைய சரக்கு மீனாக இருந்தால், கழுவித் துடைத்தாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். வெண்டைக்காயில் மீன் வாசம் வந்தால் இங்கிலாந்துக்காரனுக்கு எதை என்று விளக்குவது!

குளிர் விஷயத்தில் அவர் சொல்வது ஒன்றுதான். ரீஃபர் என்கிற குளிர்பதனக் கன்டெய்னர் எதையும் குளிர வைக்காது. ஏற்கெனவே குளிர்ந்திருப்பதைக் காப்பாற்ற மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் முதலில் காலிக் கன்டெய்னரின் மெஷினை ஓட்டிக் குளிரூட்ட வேண்டும். பிறகு அட்டைப்பெட்டிகளைச் சுவரில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேலே போகாமல், கதவோரம் காற்று இறங்க இடம் விட்டு அடுக்க வேண்டும். இருபதுக்கு ஒன்று என்று பெட்டியைத் திறந்து, இரண்டு பைகளுக்கு நடுவே தெர்மாமீட்டர் கம்பியைச் செருகி எண்ணை எழுத வேண்டும். இது என் வேலை. கடைசியாக, மெஷினுக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கதவுக்குள் ஒரு காகிதச் சக்கரத்தை மாட்டுவோம். கிட்டத்தட்ட சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒரு முள் அதில் ஒரு மாதத்துக்கு வெப்பத்தைக் கோடாகக் கீறிக்கொண்டே போகும். மெஷின் நின்றாலும் சக்கரம் நிற்காது, அதற்குத் தனி பேட்டரி. கடல் கடந்து போனதும் வாங்குபவன் முதலில் எடுத்துப் பார்ப்பது காயை அல்ல, அந்தச் சக்கரத்தைத்தான்.

இந்தக் கதை நடந்த வருடம் இங்கிலாந்தில் ஒரு புதிய வியாபாரி கிடைத்திருந்தார். முதல் சரக்கு, ஒரு கன்டெய்னர் நிறைய நறுக்கிய வெண்டைக்காய். நன்றாகப் போய்ச் சேர்ந்தால் வருடம் முழுவதும் எங்களிடமே வாங்குவதாகப் பேச்சு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் ஏற்றி முடித்தோம். மைனஸ் இருபதில் ஏறியது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. ஆனால் டிரெய்லர் டிரைவர், "பூஜை போடாம வண்டிய எடுக்க மாட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியை மட்டும் கழற்றிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார். விஜயதசமி அன்று காலையில் வந்து சென்னைத் துறைமுகத்துக்கு இழுத்துப் போவதாக ஏற்பாடு. கப்பலுக்கு நேரம் இருந்தது. கன்டெய்னர் எங்கள் முற்றத்தில் கரண்ட் கம்பியை மாட்டிக்கொண்டு உறுமிக்கொண்டு நின்றது.

ஆயுத பூஜை அன்று குல்கர்னி சார் வீட்டில் இருந்தார். பொறுப்பு என்னுடையது. பதினொரு மணிக்கு முனிசாமி அண்ணன் என்னிடம் வந்தார். எங்கள் எலெக்ட்ரீஷியன். ஆனேக்கல்காரர், கொஞ்சம் பெரியவர். ஒரு ஃபியூஸ் மாற்றினாலும் முதலில் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மாற்றுவார். கையில் சந்தனக் கிண்ணம்.

"ஸ்டெல்லாம்மா, எல்லா மெஷினும் நிறுத்திப் பொட்டு வெச்சாச்சு. அந்தக் கன்டெய்னர் மட்டும் ஓடிட்டிருக்கு."

"அது ஓடணும்ணே. உள்ள சரக்கு இருக்கு."

"ஓடற மெஷினுக்குப் பூஜை பண்ணா அது பூஜையே இல்லம்மா. இன்னைக்கு ஒரு நாள்தான் அதுங்களுக்கு ரெஸ்ட்டு. ஒரு அரை மணி நேரம். ஆரத்தி காட்டினதும் போட்டுடறேன்."

எனக்குப் பின்னால் பேக்கிங் பெண்கள் எல்லோரும் பட்டுப் புடவையில் நின்றிருந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி விதியும் அதுதான். ஆனால் அங்கே பொறுப்பில் இருந்த ஒரே கிறிஸ்தவள் நான். பூஜைக்கு மறுத்தால், 'மேடம் வேற ஆளுங்க, அதனாலதான்' என்று கேன்டீனில் ஒரு வார்த்தை கிளம்பிவிடும் என்று பயந்தேன். யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை. பேசிவிடுவார்களோ என்று நானாகப் பயந்தேன். அரை மணி நேரத்தில் உறைந்த காய்க்கு ஒன்றும் ஆகாது என்பதும் உண்மைதான்.

"சரிண்ணே, அரை மணி நேரம்" என்றேன்.

பூஜை பிரமாதமாக நடந்தது. கன்டெய்னருக்குச் சாமந்தி மாலை, வாழைக்கன்று, எலுமிச்சம்பழம், பூசணிக்காய். அதன் மூஞ்சியில் முனிசாமி அண்ணன் வைத்த குங்குமப் பொட்டைப் பார்த்தால் கப்பலே எழுந்து நின்று வழி விடும். நான் பொரியும் கடலையும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். பொரி கடலை விஷயத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தத் தயக்கமும் கிடையாது. எல்லோரும் சாப்பிடப் போனோம். முனிசாமி அண்ணன் போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். அவரோ சாப்பிட்டுவிட்டு வந்து போடுவதற்குள், பூஜை போட்ட கருவியை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது என்று வாட்ச்மேன் சொல்ல, அதுதானே வழக்கம் என்று அவருக்கும் பட்டிருக்கிறது. ஒரு சுத்தியலையே அன்று தொட மாட்டோம், இவ்வளவு பெரிய மெஷினைத் தொடலாமா? மேடம்தான் அனுமதி கொடுத்துவிட்டாரே என்ற தெம்பு வேறு. மாலையோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். வேன் பிடிக்கும் அவசரத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முற்றத்தில் கால் வைத்தேன். குயில் கூவியது. எங்கள் முற்றத்தில் குயில் கூவுவது எனக்கு அன்றுவரை கேட்டதே இல்லை. கன்டெய்னர் உறுமும்போது எப்படிக் கேட்கும்?

ஓடிப்போய்ச் சின்னக் கதவைத் திறந்தேன். சக்கரத்தில் ஒழுங்காக வட்டம் போட்டுக்கொண்டிருந்த கோடு, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பிரசவத்துக்குப் போகும் வயிறு போலப் புடைத்துக்கொண்டு போயிருந்தது. உள்ளே காற்று மைனஸ் ஒன்பது. பத்தொன்பது மணி நேரம் மெஷின் நின்றிருக்கிறது. நானே சுவிட்சைப் போட்டேன். மாலை அறுந்து என் தலைமேல் விழுந்தது.

குல்கர்னி சார் வந்தார். பின்னாலேயே எம்.டி. வந்தார். எம்.டி. நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நேராகக் கேட்டார்.

"யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார்" என்று முனிசாமி அண்ணன் முன்னால் வந்தார். நெற்றியில் நேற்றைய குங்குமம் இன்னும் இருந்தது.

"யாரக் கேட்டு?"

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். "யாரையும் கேக்கல சார். நானாதான்."

இப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மகனுக்கு அப்போது இரண்டு வயது, கணவருக்கு நிலையான வேலை இல்லை என்று என்னென்னவோ தலைக்குள் ஓடியது. எம்.டி., "ஸ்டெல்லா ரிப்போர்ட் எழுதட்டும். அதுல கையெழுத்துப் போட்டுட்டு நீ கெளம்பு" என்று முனிசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதாவது, அவரை வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தை நான் எழுத வேண்டும்.

குல்கர்னி சார் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து சரக்கை முழுவதும் இறக்கச் சொன்னார். புதுச் சட்டையோடு வந்திருந்த எட்டு லோடிங் ஆட்களும் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார்கள். நடுவில் இருந்த பெட்டிகள் மைனஸ் பதினேழு. சுவரோரமும் கதவோரமும் இருந்தவை மைனஸ் பன்னிரண்டு, பதிமூன்று. உருகவில்லை, ஆனால் உருகவில்லை என்று எப்படி நிரூபிப்பது? அதற்கு ஒரு வழி உண்டு. வெண்டைக்காயைத் துண்டு துண்டாக உறைய வைப்பதால் பையைக் குலுக்கினால் கூழாங்கல் போலச் சத்தம் வரும். ஒரு தடவை உருகி மறுபடி உறைந்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, சத்தமே வராது. குல்கர்னி சார் ஒரு பையைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். எட்டு ஆட்களும் வரிசையாக நின்று, பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல ஆளுக்கொரு பையை ஆட்டிக் காது கொடுத்தார்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். எல்லாப் பையும் கலகலத்தது.

ஓரத்துப் பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதில் குளிர் அறையிலிருந்து புதிய பெட்டிகளைச் சேர்த்தோம். மீதிச் சரக்கை ஓர் இரவு குளிர் அறையில் போட்டுவிட்டு மறுநாள் காலையில் மறுபடி ஏற்றுவது, அதுவரை டிரைவரை நிறுத்திவைப்பது என்று முடிவானது. நான் தெர்மாமீட்டரோடு நின்றிருந்தபோது முனிசாமி அண்ணன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஸ்டெல்லாம்மா, புதுச் சக்கரம் மாட்டிடலாம். நாளைக்குத்தான ஏத்தறோம்? நாளைக்குத்தான் ஆரம்பிச்சோம்னு இருக்கட்டும்."

புதுச் சக்கரங்கள் என் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டு இருந்தன. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. குல்கர்னி சார் அந்தப் பக்கமாக வந்தவர், "அதே சக்கரம் இருக்கட்டும். கூட ஒரு காகிதம் வெச்சு அனுப்பலாம். என்ன நடந்ததுன்னு ஸ்டெல்லா எழுதுவாங்க" என்றார்.

எம்.டி. கேட்ட ரிப்போர்ட்டும் சரக்கோடு போகும் காகிதமும் ஒன்றுதான் என்று ஆனது, சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். முதலில், மின்தடையால் மெஷின் நின்றது என்று எழுதினேன். குல்கர்னி சார் படித்தார். "கரண்ட் போச்சா? நோடித்ரா?" என்றார். கிழித்தேன். எலெக்ட்ரீஷியனின் கவனக்குறைவால் நின்றது என்று எழுதினேன். படித்தவர் குல்லாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்தத் தலையில் அப்படி ஒரு பளபளப்பான வழுக்கை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"இது முனிசாமி சொன்னது. நீங்க கேட்டது. நீங்க பாத்தது எங்கம்மா?"

எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாரா, இல்லை வழக்கமான கேள்வியா என்று எனக்கு விளங்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மூன்றாவது காகிதத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்து வணங்குவார்கள். அதற்காக இந்த மெஷினை நிறுத்த எலெக்ட்ரீஷியன் என்னிடம் அனுமதி கேட்டார். விதிக்கு மாறாக நான் கொடுத்தேன். மறுபடி ஓடுகிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. பத்தொன்பது மணி நேரம் நின்றது. அதன் பிறகு நாங்கள் செய்தது இவை, பார்த்த எண்கள் இவை. தவறு என்னுடையது.

எம்.டி. அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதப் பாத்தா அவன் சரக்கை எடுப்பானா?" என்று குல்கர்னி சாரிடம் கேட்டார்.

"எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம் சார். காகிதம் இல்லாம அந்தச் சக்கரத்த மட்டும் பாத்தா, கண்டிப்பா எடுக்க மாட்டான்."

"சரி, போகட்டும். அவன் வேண்டாம்னா ஸ்டெல்லாவும் வேண்டாம்" என்றார் எம்.டி. முனிசாமி அண்ணனை வீட்டுக்கு அனுப்பும் பேச்சே அதற்கப்புறம் எழவில்லை.

கன்டெய்னர் கப்பலைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் பிரசன்னா அந்தப் போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். வெண்டைக்காய் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, ஒரு சேதியும் கிடையாது. சிவாஜி நகர் மாதா கோயில் வரை நடை, அங்கே மெழுகுவத்தி. என் கணவர் வெண்டைக்காய் வாங்குவதையே நிறுத்திவிட்டார். இதில் முனிசாமி அண்ணன் வேறு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஸ்டெல்லாம்மா போய் 'மேடம்' ஆகிவிட்டேன். எதைக் கேட்டாலும் "சரிங்க மேடம்", அவ்வளவுதான். காப்பாற்றிவிட்டதற்கு மனிதர் ஏன் முறைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

ஐந்தாவது வாரம் ஃபேக்ஸ் வந்தது. குல்கர்னி சார் என்னைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். பெட்டிகளைத் திறந்து பார்த்தோம், சரக்கு நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம் என்று இருந்தது. கீழே ஒரு வரி: அடுத்த வருடம் அந்தத் திருநாள் எந்தத் தேதியில் வருகிறது என்று முன்கூட்டியே தெரிவிக்கவும், அந்த வாரம் எங்களுக்கு எதையும் ஏற்ற வேண்டாம். எம்.டி. அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "போய் வேலையப் பாருங்க" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நேராக சுவிட்ச் போர்டு அறைக்குப் போனேன்.

"அண்ணே, சரக்கு எடுத்துட்டாங்களாம்."

"கேள்விப்பட்டேன் மேடம்."

"இன்னும் என்னண்ணே கோவம்?"

அவர் டெஸ்டரைக் கீழே வைத்தார். "கோவம் வராம? இத்தன வருச சர்வீஸ்ல மொதலாளி முன்னாடி நின்னு நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அதுவும் விஜயதசமி அன்னைக்கு. காலெல்லாம் நடுங்கிப் போச்சு. அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னா, நீங்க அதப் பேப்பர்ல எழுதி, கப்பல்ல ஏத்தி, இங்கிலாந்து வரைக்கும் அனுப்பி, பொய்யின்னு சொல்லிட்டீங்க."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான் கேட்டேன்: "நான்தான அனுமதி குடுத்தேன்? எனக்காக நீங்க ஏண்ணே சொல்லணும்?"

"பின்ன? அன்னைக்கு நான் வந்து கேட்டப்ப, நீங்க மொகம் சுளிக்கலையே. வேற சாமி கும்புடறவங்க, ஆனாலும் எங்க பூஜைய மதிச்சு ஒடனே சரின்னு சொன்னீங்க. அந்த மனசுக்கு நான் இதுகூட செய்யக்கூடாதா ஸ்டெல்லாம்மா?"

நான் மதித்துச் சொல்லவில்லை, அவர்களையெல்லாம் சந்தேகப்பட்டு, பயந்துதான் சரியென்றேன். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். இங்கிலாந்துக்காரனுக்கு எழுதிய காகிதத்திலும் இந்த ஒன்றை நான் எழுதவில்லை.